வெள்ளிக்கணக்கும் ஆள்கணக்கும்

செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் நண்பர்கள் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தோம். 1942 என்றால் என்ன ஞாபகம் வருகிறது என்று கேட்டேன். ‘வெள்ளையனே வெளியேறு’ என்றார் ஒருவர். குண்டுக்குப் பயந்து சென்னை காலியானதையும், பர்மாவிலிருந்து நடந்தே வந்தவர்களையும் சொன்னார் இன்னொருவர். ‘திலாவா’ என்ற பெயர் யார் வாயிலும் வரவில்லை. எம்.ஏ. தமிழ் படித்த எனக்கும் சமீபம்வரை தெரியாதுதான்.

பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் கப்பல் அது. 1942 நவம்பரில் பம்பாயிலிருந்து மொம்பாசா, டர்பன் நோக்கிப் புறப்பட்டது. பயணிகள் 732, ஊழியர்கள் 222, பீரங்கிக்காரர்கள் 4, ஆக 958 பேர். நவம்பர் 23 பின்னிரவில் ஜப்பானின் ஐ-29 நீர்மூழ்கி டார்பிடோ விட்டது. படகுகளில் ஏற முண்டியடித்ததில் பலர் கடலில் விழுந்தார்கள். பிறகு இரண்டாவது டார்பிடோ. செத்தவர்கள் 280 பேர். பிழைத்தவர்களில் பெரும்பாலோரை பர்மிங்காம் என்ற போர்க்கப்பல் பம்பாய்க்குக் கொண்டுவந்து சேர்த்தது.

யுத்தக் கடலில் பெண்டாட்டி பிள்ளைகளோடு ஏன் போனார்கள்? பணத்தாசை என்று சொல்லிவிடுவது சுலபம். பதில் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. 1913-இல் தென்னாப்பிரிக்கா இந்தியர்களின் புதிய குடியேற்றத்தை அடைத்தது. ஏற்கெனவே அங்கே குடியிருப்பவரின் மனைவிக்கும் பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் மட்டும் ஒரு சந்து விட்டது. அதே வருஷம் கிறிஸ்தவ முறையில் நடக்காத நம் கல்யாணங்கள் செல்லாது என்று கேப் நீதிமன்றம் சொன்னது. தில்லையாடி வள்ளியம்மை சிறைக்குப் போன போராட்டத்தில் இதுவும் ஒரு காரணம். பாடப்புத்தகம் அவளைத் தியாகியாக்கி நிறுத்திவிட்டது. தாலியும் ஒரு குடியேற்றப் பத்திரமாக மாறிய கதையைச் சொல்லவில்லை. 1914-இல் ஒரு மனைவியை மட்டும் அங்கீகரித்து சமரசம் செய்தார்கள்.

இப்போது டர்பனில் கடை வைத்திருப்பவனின் குடும்பத்தை யோசியுங்கள். யுத்தம் முடியட்டும் என்று ஊரிலேயே இருந்தால் பையனுக்குப் பதினாறு தாண்டிவிடும், கதவு சாத்திவிடும். டார்பிடோவாவது வரலாம், வராமலும் போகலாம். வயது வந்தே தீரும்.

பயணிகளில் கணிசமானோர் குஜராத்திகளாயிற்றே, நமக்கென்ன என்று கேட்கலாம். 1860-இல் ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து டர்பனுக்குப் போன கூலிகளின் வாரிசுகளும் இதே சட்டத்தின் கீழ்தான் வாழ்ந்தார்கள். மொழிவாரியாகத் துக்கத்தைப் பிரித்துக்கொள்வது நம் வரலாற்றெழுத்தின் வியாதி.

கப்பலில் வெள்ளியும் இருந்தது. தென்னாப்பிரிக்க அரசு நாணயம் அடிக்க வாங்கிய 2,364 கட்டிகள். 2017-இல் ஒரு கம்பெனி இரண்டரை கிலோமீட்டர் ஆழத்திலிருந்து அவற்றை எடுத்தது. வழக்கு பிரிட்டன் உச்ச நீதிமன்றம்வரை போய் 2024-இல் தென்னாப்பிரிக்காவுக்குச் சாதகமாக முடிந்தது. வெள்ளி வணிகச் சரக்கா, அரசின் சொத்தா என்று நீதிபதிகள் நுணுக்கமாக வாதித்தார்கள். செத்தவர்களுக்கோ, எண்பதாவது வருஷமான 2022-இல் மும்பையில் வாரிசுகள் தாங்களே கூடி அஞ்சலி செலுத்த வேண்டியிருந்தது.

ஆவணக் காப்பகம் மௌனமானது என்று நாம் கோட்பாடு பேசுகிறோம். அது முழு உண்மையில்லை. வெள்ளியைப் பற்றி அது கட்டி கட்டியாகப் பேசுகிறது. எங்கள் ஏரியின் தண்ணீரைக்கூட தினமும் அடிக்கணக்கில் பேப்பரில் போடுகிறார்கள். எதை எண்ணுவது என்று யார் முடிவு செய்கிறார்கள் என்பதுதான் கேள்வி. உங்கள் வீட்டுப் பாட்டியிடம் அக்கரைக்குப் போய்த் திரும்பாதவர் யார் என்று கேட்டு, எழுதி வையுங்கள்.