ஊர்லயே இருந்து வேலை பார்க்க கேட்டால் நிறுவனம் மறுக்கலாமா? சட்டம் சொல்வது என்ன?

‘அம்மாவுக்கு உடம்பு முடியலை சார். ரெண்டு மாசம் தூத்துக்குடியில இருந்தே லாகின் பண்ணிக்கிறேனே...’ சென்னை, பெங்களூரு மேனேஜர்களுக்கு இப்படி மெயில் வருவது புதிதல்ல. ‘பாலிசியில இடமில்லை’ என்ற பதிலும் புதிதல்ல.

கொரோனா காலத்தில் வீட்டுக்கு அனுப்பிய நிறுவனங்களே இப்போது திரும்ப அழைக்கின்றன. 2023 அக்டோபரில் டி.சி.எஸ். வாரம் 5 நாள் அலுவலகம் என்றது. 2024-ல் வருகைப்பதிவு 60 சதவீதத்துக்குக் கீழே போனால் அந்தக் காலாண்டுக்கு வேரியபிள் பே கிடையாது என்றும் அறிவித்தது. இன்ஃபோசிஸ் 2025 மார்ச்சில் மாதம் 10 நாள் வருகையைக் கட்டாயமாக்கியது.

இது ஊழியரின் உரிமையா?

இந்தியாவில் பொதுவான உரிமையாக இல்லை. மகப்பேறு பயன் சட்டத்தில் 2017-ல் திருத்தமாக வந்து, இப்போது சமூகப் பாதுகாப்பு சட்டத் தொகுப்பில் உள்ள விதி மட்டும் நேரடியாகப் பேசுகிறது. மகப்பேறு விடுப்பு முடிந்ததும், வேலையின் தன்மை இடம் கொடுத்தால், இரு தரப்பும் பேசி வீட்டிலிருந்து வேலையை முடிவு செய்யலாம். அதிலும் ‘அனுமதிக்கலாம்’ என்றுதான் இருக்கிறது. ‘அனுமதிக்க வேண்டும்’ என்று இல்லை. சேவைத் துறைக்காக 2020 டிசம்பரில் மத்திய அரசு வெளியிட்ட வரைவு மாதிரி நிலையாணைகளும் இதே தொனிதான்.

‘வேலையின் தன்மை’ என்றால்?

வ.உ.சி. துறைமுகத்தில் கிரேன் இயக்குபவர் கண்டெய்னரை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. ஆனால் ஷிப்பிங் ஏஜென்சியில் கணக்கு, ஆவண வேலை பார்ப்பவருக்கு லேப்டாப் போதும். ‘ஒருத்தருக்குக் கொடுத்தா எல்லாரும் கேப்பாங்க’ என்று நிர்வாகம் தயங்குவதும், ‘என் வேலைக்கு ஆபீஸ் எதுக்கு?’ என்று ஊழியர் கேட்பதும் இங்கேதான் மோதுகின்றன.

வெளிநாட்டில் எப்படி?

பிரிட்டனில் 2024 ஏப்ரல் முதல், வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலேயே கோரிக்கை வைக்கலாம். 2 மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். ஆஸ்திரேலியாவில் பள்ளி செல்லும் குழந்தைகளைக் கவனிக்க அனுமதி கேட்ட வங்கி ஊழியருக்குச் சாதகமாக 2025 அக்டோபரில் தீர்ப்பு வந்தது. நியாயமான காரணம் காட்டாமல் வங்கி மறுத்ததே பிரச்சினை.

மறுத்துவிட்டால் என்ன செய்யலாம்?

* முதலில் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரைப் பாருங்கள். பணியிடம், டிரான்ஸ்ஃபர் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்பதே அடிப்படை.
* வாய்ப்பேச்சு வேண்டாம். காரணம், காலம், வேலையை எப்படி முடிப்பீர்கள் என்பதை மெயிலில் எழுதுங்கள். மறுப்பையும் எழுத்தில் கேளுங்கள்.
* 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பின்படி, 20 பேர், அதற்கு மேல் தொழிலாளர்கள் உள்ள நிறுவனத்தில் குறைதீர் குழு இருக்க வேண்டும். சட்டப்படி ‘தொழிலாளர்’ என்ற வரையறைக்குள் வருபவர்கள் அங்கே போகலாம். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு இது பொருந்தாது.
* அனுமதி வராமல் ஊரிலேயே தங்கிவிடாதீர்கள். அது ‘அனுமதியற்ற விடுப்பு’ ஆகி, ஒழுங்கு நடவடிக்கைக்கு வழி திறக்கும்.

சட்டத்தில் இல்லாததைப் பேசி வாங்குவது தூத்துக்குடிக்குப் புதிதல்ல. 1908-ல் கோரல் மில் தொழிலாளர்கள் வ.உ.சி., சுப்பிரமணிய சிவா தலைமையில் வேலைநிறுத்தம் செய்து, கூலி உயர்வோடு ஞாயிறு விடுமுறையையும் பெற்றார்கள். வார விடுமுறையும் ஒரு காலத்தில் கேட்டு வாங்கிய சலுகைதான்.