சிறுநீர்க் குழாயும் கிரான்பெர்ரி மாத்திரையும்

"கிரான்பெர்ரி மாத்திரை வாங்கித் தரலாமா, டாக்டர்?" அறுவைச் சிகிச்சை முடிந்த நோயாளிகளின் உறவினர்கள் அண்மைக் காலமாக எங்களிடம் இப்படிக் கேட்கின்றனர். சிறுநீர்க் குழாயால் தொற்று வருமோ என்னும் அச்சமே காரணம். அது நியாயமான அச்சம். குழாய் உள்ளிருக்கும் ஒவ்வொரு நாளும் சிறுநீரில் கிருமி சேரும் வாய்ப்பு ஏறத்தாழ 3 முதல் 7 விழுக்காடு வரை கூடுகிறது.

கிரான்பெர்ரி வட அமெரிக்கச் சதுப்பு நிலங்களில் விளையும் புளிப்புப் பழம். நம் ஊர்க் களாக்காய் அன்று. ஈ.கோலை கிருமியை அது கொல்வதில்லை. சிறுநீர்ப்பைச் சுவரில் ஒட்டவிடாமல் தடுப்பதாகக் கருதப்படுகிறது. அமெரிக்காவின் மிச்சிகனில் மகப்பேறு சாரா மகளிர் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 160 பெண்களிடம் நடந்து, 2015இல் வெளியான ஆய்வில், ஆறு வாரம் கிரான்பெர்ரி மாத்திரை உண்டவர்களில் 19 விழுக்காட்டினருக்கும், வெற்று மாத்திரை உண்டவர்களில் 38 விழுக்காட்டினருக்கும் தொற்று ஏற்பட்டது. நல்ல செய்திதான். ஆயினும் வாரக்கணக்கில் குழாயோடிருக்கும் முதியவருக்கு இதை அப்படியே பொருத்த இயலாது. அவருக்குக் குழாயின் மீதே கிருமிகள் படலமாகப் படிகின்றன. சிறுநீர்ப்பை முழுதும் காலியாகாதோருக்குப் பயன் தென்படவில்லை என்றே 2023ஆம் ஆண்டுக் காக்ரேன் மீளாய்வும் கூறுகிறது.

வார்ஃபரின் உண்போரும் சிறுநீரகக் கல் உள்ளோரும் எங்களைக் கேளாமல் இம்மாத்திரையைத் தொடங்க வேண்டா. கடைகளில் விற்கும் கிரான்பெர்ரிச் சாற்றில் பெரும்பாலும் சர்க்கரையே மிகுதி. நீரிழிவு உள்ளோருக்கு அது ஆகாது.

மாத்திரையைவிடப் பயன் தருவது ஒரு கேள்வி. காலைச் சுற்றில் எங்களிடம் தயங்காமல் கேளுங்கள்: "குழாய் இன்றும் தேவையா?" தேவையற்ற குழாயை ஒரு நாள் முன்னதாக எடுப்பதற்கு ஈடான மருந்து எங்களிடம் இல்லை.

குழாயுடனேயே வீடு திரும்புவோரும் உண்டு. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஷேர் ஆட்டோவின் நெரிசலில், பை நசுங்காதிருக்க உறவினர் அதைத் தோளுயரம் தூக்கிப் பிடிப்பதைக் கண்டிருக்கிறோம். அன்பால் செய்வதுதான், ஆனால் பையிலுள்ள சிறுநீர் மீண்டும் சிறுநீர்ப்பைக்கே திரும்பும். பை எப்போதும் இடுப்புக்குக் கீழே இருக்கட்டும், தரையைத் தொடாமல். முக்கால் பங்கு நிரம்பும் முன்னரே சோப்பிட்டுக் கை கழுவிக் காலி செய்யுங்கள். பையையும் குழாயையும் இணைக்கும் இடத்தைக் கழற்றாதீர்கள்.

சிறுநீர் கலங்கியிருப்பது மட்டுமே தொற்றாகாது. அதற்காக நீங்களாக ஆன்டிபயாடிக் வாங்க வேண்டா. குளிர்நடுக்கத்துடன் காய்ச்சல், அடிவயிற்று வலி, சிறுநீரில் இரத்தம், முதியவரிடம் திடீர்க் குழப்பம், பையில் சிறுநீர் இறங்காமை ஆகியவற்றுள் எது தோன்றினாலும், இரவானாலும், அவசரப் பிரிவுக்கு வந்துவிடுங்கள்.