ஆற்றுப்படுத்துவோர்

நுழையும்முன்
‘ஆறு’ என்னும் சொல்லுக்கு ‘வழி’ என்றும் பொருள் உண்டு. பரிசில் பெற்று மீளும் பாணர், வறுமையில் வாடும் மற்றொரு பாணரைக் கண்டு, தாம் சென்ற வழியை அவருக்குக் காட்டுவது ஆற்றுப்படை. மது, போதைப்பொருள் ஆகியவற்றுக்கு அடிமையானோர் சிகிச்சையை அடைவதும் பெரும்பாலும் இவ்வாறே. எவரேனும் ஒருவர் வழிகாட்ட வேண்டியுள்ளது.

மறைக்கப்படும் நோய்
கொல்கத்தா நகரின் டாலிகஞ்சில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். தந்தை நாள்தோறும் குடித்துவிட்டு வருகிறார். ‘நாளை முதல் தொடமாட்டேன்’ என்று பலமுறை கூறிவிட்டார். தாய்க்கு வங்காளமொழி சரளமாக வராது. உறவினர் அனைவரும் ஊரில் உள்ளனர். பிறர் அறிந்தால் மானம் போய்விடும் என்று அவர் எவரிடமும் சொல்வதில்லை. மகளோ தோழியரை வீட்டிற்கு அழைப்பதையே நிறுத்திவிட்டாள்.

இது ஒரு வீட்டின் கதை மட்டுமன்று. புதுதில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் போதை மீட்பு மையம் நடத்திய நாடு தழுவிய ஆய்வின் முடிவுகள் 2019இல் வெளியாயின. அவற்றின்படி இந்தியாவில் ஏறத்தாழ 16 கோடிப் பேர் மது அருந்துகின்றனர். ஆனால், மதுவுக்கு அடிமையானோரில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் ஒரு சிகிச்சை பெற்றிருந்தார். மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவர் 180 பேருக்கு ஒருவரே.

மற்றவர்களைத் தடுப்பவற்றுள் முதன்மையானவை மூன்று. குடியை நோய் என எண்ணாமல் ஒழுக்கக்கேடு என்று மட்டுமே கருதுதல் ஒன்று. ‘எனக்கு ஒன்றுமில்லை’ என நோயாளியே மறுத்தல் மற்றொன்று. ஊரார் என்ன சொல்வரோ என்னும் அச்சம் மூன்றாவது. மது, போதைப்பொருள் பயன்பாட்டால் விளையும் மனநிலைக் கோளாறுகளை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோய் என்றே வரையறுக்கிறது. நோய் என்றால் அதற்கு மருத்துவமும் உண்டு.

சென்னை காட்டிய வழி
சாந்தி ரங்கநாதன் என்னும் சென்னைப் பெண்மணியின் கணவர், மதுப்பழக்கத்தால் இளம் வயதிலேயே 1979இல் மறைந்தார். அக்காலத்தில் இந்நோய்க்கெனத் தனிச் சிகிச்சை நிலையங்கள் நம் நாட்டில் மிக அரிது. கணவர் பெயரால் அவர் 1980இல் ஓர் அறக்கட்டளையை நிறுவினார். அதுவே சென்னையில் டி.டி.கே. மருத்துவமனையை நடத்தி வருகிறது. அங்கே நோயாளிக்கு மட்டுமன்றிக் குடும்பத்தினருக்கும் ஆலோசனை வழங்கப்படுகிறது. 1992இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது.

நகருக்கு வர இயலாத சிற்றூர் மக்கள் என்ன செய்வர்? அவர்களுக்காக அந்நிறுவனம் திருவாரூர் மாவட்டத்து மஞ்சக்குடியில் முகாம்களை நடத்தியது. ஊர்மக்களும் துணை நின்றனர். நோயாளி சிகிச்சையைத் தேடிச் செல்ல இயலாதபோது, சிகிச்சை நோயாளியைத் தேடி வந்தது.

படிப்படியாக
சிகிச்சை பல படிகளைக் கொண்டது.

முதற்படி, ஒருவரிடம் மனம் திறந்து பேசுதல். நோயாளி ஒப்புக்கொள்ளும்வரை காத்திருக்கத் தேவையில்லை. குடும்பத்தினரே முதலில் உதவி கேட்கலாம். நடுவண் அரசின் போதை மீட்பு உதவி எண் 14446. மனநல உதவி எண் 14416. பின்னதில் தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் பேசலாம்.

இரண்டாம் படி, மருத்துவரை அணுகுதல். டாலிகஞ்சிலேயே எம். ஆர். பாங்கூர் அரசு மருத்துவமனை உள்ளது. எஸ். எஸ். கே. எம். மருத்துவமனையை ஒட்டி அரசின் மனநல மருத்துவ நிறுவனமும் இயங்குகிறது. நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் மருத்துவர் துணையின்றித் திடீரென நிறுத்தினால் நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் ஆகியவை தோன்றலாம். உயிருக்கே ஆபத்தும் நேரலாம். ஆகவே, வீட்டில் பூட்டி வைத்துத் திருத்த முயல்வது பெருந்தவறு.

மூன்றாம் படி, ஆலோசனையும் தொடர் கண்காணிப்பும். மருந்து உடலை நலமாக்கும்; மனத்தின் வேட்கையை வெல்ல நாள் பிடிக்கும். சிலர் மீண்டும் வழுக்கி விழுவர். அது தோல்வியன்று, மருத்துவரிடம் மீண்டும் செல்ல வேண்டும் என்பதற்கான அறிகுறி.

வழி கண்டோர் வழி காட்டுவர்
1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பங்குத் தரகர் பில் வில்சனும் மருத்துவர் பாப் ஸ்மித்தும் சந்தித்தனர். இருவரும் குடியால் துன்புற்றவர்கள். ஒருவர்க்கொருவர் துணையாக நின்று மீண்டனர். அதிலிருந்து பிறந்ததே ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ என்னும் அமைப்பு. கட்டணம் இல்லை; பெயரை வெளியிட வேண்டியதும் இல்லை. குடியிலிருந்து மீண்டவர், மீளத் துடிப்பவருக்கு வழிகாட்டுகிறார். இந்திய நகரங்கள் பலவற்றிலும் இதன் கூட்டங்கள் நடைபெறுகின்றன.

பிள்ளைகள் அறிய வேண்டியவை
பெற்றோரின் குடிநோய் பிள்ளையால் வந்ததன்று. அதைத் தீர்ப்பதும் பிள்ளையின் கடமையன்று. நம்பிக்கைக்குரிய பெரியவர் ஒருவரிடம், ஆசிரியரிடமோ உறவினரிடமோ, சொல்வது காட்டிக்கொடுத்தல் ஆகாது. வீட்டில் அடிதடி நேர்ந்தால் 1098 என்னும் சிறார் உதவி எண்ணை அழைக்கலாம்.

டாலிகஞ்ச் வீட்டுக்கு மீண்டும் வருவோம். மகள் தன் ஆசிரியையிடம் பேசுகிறாள். ஆசிரியை தாயை அழைத்து உதவி எண்ணைத் தருகிறார். தாய் தமிழில், தயங்கித் தயங்கி, முதன்முறையாக அனைத்தையும் சொல்கிறார். அன்றிரவும் தந்தை குடித்துவிட்டே வரக்கூடும். ஆயினும், அவ்வீட்டிலிருந்து மருத்துவமனைக்குச் செல்லும் வழி அன்றே திறந்துவிட்டது.

சொற்பொருள்
பரிசில் – கொடைப்பொருள்
வேட்கை – அடங்காத விருப்பம்
மீட்சி – துன்பத்திலிருந்து மீளுதல்

பயிற்சி
1. சிகிச்சையை நாடவிடாமல் தடுப்பவை யாவை?
2. திடீரெனக் குடியை நிறுத்துவதால் நேரும் இடர்கள் யாவை?
3. ஆற்றுப்படைக்கும் பில் வில்சன், பாப் ஸ்மித் தொடங்கிய அமைப்புக்கும் உள்ள ஒற்றுமையை எழுதுக.
4. பிரித்து எழுதுக: முதற்படி, இந்நோய், அன்றிரவு.