ஸூச்சௌ நகரில் ஒரு மழை நாள்

பிரயாணிகளுக்கு மழையைக் கண்டால் ஆகாது. கையில் குடையும் காலில் சேறுமாக ஊர் சுற்ற யாருக்குத்தான் மனம் வரும்? ஆனால் சீன தேசத்தின் கீழ்ப்புறத்தில், யாங்ட்ஸி நதி கடலை நெருங்கும் பிரதேசத்தில், ஆனி மாதத்து மழைக்குப் பயந்தால் வீட்டை விட்டே கிளம்ப முடியாது. ஜூன் மத்தியில் தொடங்கி ஜூலை முற்பகுதி வரை பெய்யும் அந்த மழைக்கு 'மெய்யூ' என்று பெயர். 'மெய்' என்பது ஒரு வகைப் பிளம் பழம். 'யூ' என்றால் மழை. பழம் பழுக்கும் காலத்து மழை என்பது பொருள். 'மெய்' என்னும் ஒலிக்கே பூசணம் என்றும் ஓர் அர்த்தம் உண்டு. துணியும் புத்தகமும் பூசணம் பூக்கும் அந்நாட்களில், இல்லத்தரசிகளுக்கு இரண்டாவது அர்த்தமே பொருத்தமாகத் தோன்றுகிறது போலும்!

அத்தகைய நாளொன்றில் ஸூச்சௌ நகரிலுள்ள சம்பந்தி வீட்டுக்குச் சென்றோம். நமது தம்பியின் குமாரன் ஷாங்காயில் உத்தியோகம் பார்க்கையில் ஸூச்சௌப் பெண்ணை மணந்துகொண்டவன். ஷாங்காயிலிருந்து அதிவேக ரயில் அரைமணி நேரத்தில் அங்கே கொண்டு சேர்த்துவிடுகிறது.

ஸூச்சௌ கால்வாய்களின் நகரம். 1229-இல் கல்லில் பொறித்த நகரப் படம் ஒன்று அங்கே பாதுகாக்கப்பட்டு வருகிறது. அதில் காணும் கால்வாய்களிலும் வீதிகளிலும் பல இன்றும் அதே இடத்தில் இருக்கின்றன. அந்நகரின் புகழ்பெற்ற தோட்டமொன்றில் 'மழை கேட்கும் மண்டபம்' என்று ஒரு மண்டபம் உண்டு. அதன் அருகே வாழை வைத்திருக்கிறார்கள். பழத்துக்காக அல்ல, இலையின்மேல் மழைத்துளி விழும் ஓசையைக் கேட்பதற்காக! இலை, பூ, காய், தண்டு, நார் என்று வாழையில் ஒன்றையும் விட்டுவைக்காத தமிழர், அந்த ஓசைக்கென்று ஒரு மண்டபம் கட்டவில்லையே என்று நினைத்துக்கொண்டோம்.

சம்பந்தி வீட்டிலும் அன்று மழையைக் கேட்பதே முக்கிய காரியமாயிருந்தது. கண்ணாடித் தம்ளரில் வெந்நீர் ஊற்றி, அதன்மேல் 'பீலோச்சூன்' தேயிலையைத் தூவினார் சம்பந்தி. சுருண்ட இலைகள் மெல்ல விரிந்து கீழே இறங்கின. தட்டு நிறைய யாங்மெய் பழம் வந்தது. நாவற்பழத்தைப் போல் நாக்கில் சாயம் ஏற்றும் பழம் அது.

மருமகள் நம்மை 'போபோ' என்று அழைத்தாள். தகப்பனாரின் தமையன் போபோ, தம்பி ஷூஷூ, தாயின் சகோதரன் ஜியுஜியு. பெரியப்பா, சித்தப்பா, மாமா என்று நாம் பிரித்துச் சொல்வதைப் போலவே சீனர்களும் பிரித்துச் சொல்கிறார்கள். மூவரையும் ஒரே சொல்லால் அழைக்கும் ஆங்கிலேயருக்கு இது புரியாது. நமக்கு உடனே புரிந்துவிட்டது.

சம்பந்தியம்மாள் பழைய புகைப்படம் ஒன்றைக் கொண்டுவந்தார். அவருடன் பிறந்தவர்கள் நால்வர். ஒவ்வொருவரையும் விரலால் தொட்டு, மகளுக்கு என்ன முறை என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

"உன் குழந்தைக்கு ஜியுஜியு யார்?" என்று மருமகளைக் கேட்டோம்.

அவள் அதைத் தாயாருக்கு மொழிபெயர்த்தாள். அம்மையார் புன்னகை செய்து, "அந்தச் சொல்லை இவள் பாடப்புத்தகத்தில்தான் படிக்க வேண்டும்" என்றார். பிறகு சிறிது நேரம் மழைச் சத்தம் மட்டுமே கேட்டது.

சீன அரசாங்கம் 1980-இல் ஒரு தம்பதிக்கு ஒரு குழந்தை என்னும் விதியைத் தேசமெங்கும் வலியுறுத்தியது. கிராமங்களிலும் சிறுபான்மை மக்களிடையிலும் சில விலக்குகள் இருந்தன. நகரங்களில் கண்டிப்பு அதிகம். ஒன்றோடு நிறுத்திக்கொண்ட பெற்றோருக்குக் கௌரவச் சான்றிதழும் கொடுத்தார்கள். 2016 முதல் இரண்டு குழந்தைகளுக்கும், 2021 முதல் மூன்றுக்கும் அனுமதி வந்தது. ஆனால் உடன்பிறப்பு இல்லாமலே ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது. 2022-இல் சீன ஜனத்தொகை, அறுபது ஆண்டுகளில் முதல் தடவையாகக் குறையவும் செய்தது.

ஒரே மகள் வெளியூர் சென்றுவிட்டால் பெற்றோர் கதி என்ன? 2013 ஜூலை மாதம் அமலுக்கு வந்த சட்டம், வேறிடத்தில் வசிக்கும் பிள்ளைகள் முதியோரை அடிக்கடி சென்று பார்க்கவோ நலம் விசாரிக்கவோ வேண்டும் என்கிறது. 'அடிக்கடி' என்றால் எத்தனை தடவை என்று அது சொல்லவில்லை. வரும் ஐப்பசியில் நம் பிள்ளைக்குச் சிங்கப்பூருக்கு மாற்றல்; மருமகளும் குழந்தையும் உடன் செல்கிறார்கள். அதைப் பற்றி அன்று யாரும் பேசவில்லை. மழை விட்டதும் கிளம்பலாம் என்றார் சம்பந்தி. மழை எப்போது விடும் என்றும் ஒருவரும் கேட்கவில்லை.

ஒரு குழந்தைதான் என்று நம் நாட்டில் எந்தச் சட்டமும் விதிக்கவில்லை. ஆயினும் நமது இல்லங்களிலும் குழந்தைகள் ஒன்று, இரண்டு என்று சுருங்கி வருகிறார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவரவர் வசதி, அவரவர் விருப்பம். ஆனால் காது குத்துகையில் மடி கொடுக்கத் தாய்மாமன் இல்லாத குழந்தைகள் இங்கும் பெருகுவார்கள். சொற்கள் அகராதியில் பத்திரமாக இருக்கும். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க ஆள் வேண்டாமா? இன்று நமக்குச் சித்தப்பாவும் அத்தையும் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுக்கு ஒரு நடை போய்வரச் சட்டம் எதற்கு? மழை பெய்தால்தான் என்ன? குடையை எடுத்துக்கொண்டு கிளம்பலாமே!