பக்கத்துலயே கடற்கரை இருக்கு, ஆனா தண்ணி எப்போ வரும்?

லங்காவி வரைக்கும் போகணும்னு இல்லை. புக்கிட் ரோத்தான், ஜெராம் தோட்டப் பக்கம் இருப்பவர்களுக்கு மோட்டாரிலேயே போகும் தூரத்தில் பந்தாய் ரெமிஸ். வடக்கே போனால் செகிஞ்சானில் பந்தாய் ரெடாங். ஆனால், "கடலையே காணோமே!" என்று ஏமாந்து திரும்புபவர்களும் உண்டு.

ஏன் அப்படி?

மலாக்கா நீரிணையின் இந்தக் கரை தட்டையானது. ஆறுகள் கொண்டுவரும் வண்டல் படிந்தது. நாளுக்கு இருமுறை கடல் ஏறும், இருமுறை வற்றும். வற்றும்போது நீர் வெகுதூரம் உள்வாங்கி, சேறுதான் தெரியும். சிப்பியும் நண்டும் வாழ்வது அந்தச் சேற்றில்தான். ரெமிஸ் என்பதே ஒரு சிப்பியின் பெயர்.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இந்த ஏற்ற இறக்கம் மிக அதிகம். 'ஸ்கை மிரர்' மணல் திட்டு கடலுக்கு மேல் தலைகாட்டுவதும் அந்த நாள்களில்தான்.

எதைக் கவனிக்கணும்?

தட்டையான கரையில் நீர் திரும்பும்போது வேகமாகப் பரவும். சேற்றில் கால் புதைந்தால் ஓட முடியாது. அதனால், நீர் ஏறும் நேரத்தை அன்றன்றைக்கே பாருங்க. அது தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். போன வாரம் பார்த்த நேரம் இந்த வாரத்துக்கு உதவாது. நீர் ஏறத் தொடங்கும் முன்பே கரைக்கு வந்துடுங்க.