புதுமையைச் செய்தவர் யார்?

இங்கிலாந்தின் திகில் நாவலாசிரியர் ஜேம்ஸ் ஹெர்பர்ட் (1943–2013) எழுதி 1983இல் வெளிவந்த ‘ஷ்ரைன்’, ஒரு சிற்றூரில் அடுத்தடுத்து நிகழும் அற்புதங்களைப் பற்றிய நாவலாகும். திருத்தலம் என்று பொருள்படும் தலைப்பைக் கொண்ட இந்த நூலில் போலிச் சாமியாரும் இல்லை, கண்கட்டு வித்தையும் இல்லை. நோயாளிகள் உண்மையிலேயே குணமடைகிறார்கள் என்பதுதான் வாசகரை நடுங்கவைக்கிறது. தமிழ்க் கத்தோலிக்கர் ‘புதுமை’ என்று அழைக்கும் இறையற்புதம் நிகழ்ந்ததா என்பதைக் காட்டிலும், அதைச் செய்தவர் யார் என்பதே கடினமான கேள்வி என்பதை இந்த நாவல் அளவுக்கு அழுத்தமாக எடுத்துரைத்த திகில் கதைகள் குறைவு.

கிழக்கு லண்டனில் பிறந்து, கத்தோலிக்கப் பள்ளிகளில் படித்து, விளம்பரத் துறையில் பணியாற்றிய ஹெர்பர்ட், 1974இல் வெளியான ‘தி ரேட்ஸ்’ என்ற முதல் நாவலாலேயே பெரும்புகழ் பெற்றார். அந்நாவலில் மனிதரைத் தின்னும் எலிகளைக் கொண்டு அச்சமூட்டிய அவர், ஒன்பது ஆண்டுகளுக்குப் பின்பு, தாம் வளர்ந்த சமயத்தின் மிக மென்மையான உருவமான மரியன்னையின் காட்சியையே திகிலின் களமாக எடுத்துக்கொண்டார்.

ஓக் மரத்தடியில்

கதை, தென் இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியிலுள்ள பான்ஃபீல்டு என்ற ஊரில் நடக்கிறது. செவித்திறனும் பேச்சுத்திறனும் இல்லாத பதினொரு வயதுச் சிறுமி ஆலிஸ், இரவில் தேவாலயத்தை ஒட்டிய வயலுக்கு ஓடிச் சென்று, முதிர்ந்த ஓக் மரம் ஒன்றின் முன் மண்டியிடுகிறாள். தன் காரின் குறுக்கே ஓடிய அவளைப் பின்தொடர்ந்து வந்த செய்தியாளர் ஜெரி ஃபென் கண்டது இருளில் நிற்கும் மரத்தை மட்டுமே. அவளோ வெண்ணொளி வீசும் ஒரு பெண்மணியைக் காண்கிறாள். பின்னர் அவளுக்குக் காது கேட்கிறது, பேச்சும் வருகிறது. அவள் முன்னிலையில் பிறரும் நலம் பெறுகிறார்கள். செய்தி பரவ, பக்தர்கள் ஆயிரக்கணக்கில் திரள, அவர்களுக்குப் பின்னே பத்திரிகையும் வணிகமும் ஊருக்குள் நுழைகின்றன.

ஆலிஸுக்குத் தோன்றிய பெண்மணி தன்னை ‘அமல உற்பவம்’ என்று அறிவிக்கிறாள். மரியாள் தம் தாயின் வயிற்றில் கருவான கணத்திலிருந்தே ஜென்மப் பாவம் தீண்டாதவராக இருந்தார் என்னும் கோட்பாட்டைக் குறிக்கும் இந்தச் சொல், இயேசுவின் பிறப்பைப் பற்றியது என்று பலராலும் தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. 1854இல் திருத்தந்தை ஒன்பதாம் பத்திநாதர் இதை விசுவாசக் கோட்பாடாகப் பிரகடனம் செய்தார். அதற்கு நான்கே ஆண்டுகளுக்குப் பின்பு, பிரான்சின் லூர்து நகரில் பெர்னதெத் என்ற பதினான்கு வயதுச் சிறுமிக்குக் காட்சியளித்த பெண்மணியும் இதே பெயரைக் கூறினார் என்பதால், நாவலில் இந்தச் சொல் ஒலித்த உடனே கத்தோலிக்க வாசகரின் மனம் லூர்துக் கெபிக்குச் சென்றுவிடுகிறது. ஹெர்பர்ட் விரித்த வலை அதுதான். பான்ஃபீல்டின் பெண்மணிக்குப் பின்னால் இருப்பது, 16ஆம் நூற்றாண்டில் தண்டனைக்குள்ளாகி மாண்ட எல்நார் என்ற கன்னியாஸ்திரீயின் வன்மம். கூட்டம் பெருகப் பெருக அதன் வலிமையும் பெருகுகிறது.

இத்தகைய சூழலில் சந்தேகப்படுவது எளிதன்று. குணமடைந்த குழந்தையைத் தாய் அணைத்துக்கொண்டு அழும்போது, அந்த நலம் எங்கிருந்து வந்தது என்று கேட்பவர் கல்நெஞ்சராகவே தோன்றுவார். ஆயினும் நன்மையின் வடிவில் வருவதெல்லாம் நன்மையிலிருந்து வந்ததாகாது என்பது கிறித்தவ மரபின் பழைய எச்சரிக்கை. சாத்தான் ஒளியின் தூதனாகவும் வேடமிடுவான் என்று புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதியிருக்கிறார். ஆகவே இந்த நாவலை மதத்துக்கு எதிரானது என்று ஒதுக்குவது சரியன்று. மதம் தன் பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்த எச்சரிக்கையையே அது கதையாக்கியிருக்கிறது.

திருச்சபையின் தராசு

அந்த எச்சரிக்கை திருச்சபையின் நடைமுறையிலும் உண்டு. திருத்தந்தை பதினான்காம் பெனடிக்டாகப் பின்னாளில் பொறுப்பேற்ற புரோஸ்பெரோ லாம்பெர்தினி, 18ஆம் நூற்றாண்டில் வகுத்த நெறிகளின்படி, நோய் கடுமையானதாகவும், குணம் திடீரென்றும் முழுமையாகவும் நிலைத்ததாகவும், மருந்தால் விளையாததாகவும் இருந்தால்தான் அதைப் புதுமையாகக் கருத முடியும். 1883இல் மருத்துவப் பணியகம் நிறுவப்பட்ட லூர்தில், நலம் பெற்றதாகப் பதிவானவர்கள் 7,000க்கும் மேற்பட்டவர்கள். புதுமை என்று திருச்சபை ஏற்றவையோ 70ஐச் சற்றே கடந்திருக்கின்றன.

காட்சிகளை ஆராய்வதற்கு 1978இல் வத்திக்கான் வகுத்த விதிகள், நீண்ட காலம் ஆயர்களின் பயன்பாட்டுக்கு மட்டுமே இருந்து, 2012இல்தான் அதிகாரபூர்வமாக வெளியாயின. நிகழ்வோடு நேரடியாகப் பிணைந்த இலாப நோக்கு, காட்சியின் உண்மையை ஐயுறுவதற்கான காரணங்களுள் ஒன்றாக, 2024 வரை நடைமுறையிலிருந்த அவற்றில் இடம்பெற்றிருந்தது. தம் நாவல் வெளிவந்தபோது பொதுவெளிக்கு வராத அந்த விதியை, ஹெர்பர்ட் கதைஞராகவே உணர்ந்திருந்தார் என்று சொல்லத் தோன்றுகிறது. பான்ஃபீல்டில் விசாரணை முடிவதற்கு முன்பே வியாபாரம் தொடங்கிவிடுகிறது. அந்த ஊரின் சீரழிவு அங்கிருந்தே ஆரம்பமாகிறது.

சிறுமியின் கதி

பல அத்தியாயங்களின் முகப்பில் ஹெர்பர்ட் குழந்தைப் பாடல்களையும் தேவதைக் கதைகளையும் வைத்திருப்பது வெறும் அலங்காரமன்று. கதை முழுவதிலும் வேட்டையாடப்படுவது ஒரு குழந்தை என்பதை அவை ஓயாமல் நினைவூட்டுகின்றன. 2021இல் ‘தி அன்ஹோலி’ என்ற பெயரில் திரைப்படமானபோது கதை அமெரிக்காவின் மாசசூசெட்ஸுக்கு மாறியது. எனினும், கூட்டத்தின் நடுவே தனித்து நிற்கும் சிறுமியின் நிலை மாறவில்லை.

லூர்துச் சிறுமியின் கதி வேறாக அமைந்தது. பங்குத்தந்தை பெய்ரமால் அந்தப் பெண்மணியின் பெயரைக் கேட்டுவரச் சொன்னார். பெயர் கிடைத்த பின்பும் விசாரணை ஓயவில்லை, மறைமாவட்ட ஆயர் ஏற்பு வழங்க 1862 வரை ஆயிற்று. வறுமையில் வாடிய பெர்னதெத்தின் குடும்பம் அன்பளிப்புகளை மறுத்தது. அவரும் 1866இல் லூர்தை விட்டு நெவேர் நகரக் கன்னியர் மடத்துக்குச் சென்று, கூட்டத்தின் கண்ணில் படாமல் வாழ்ந்தார். பான்ஃபீல்டிலும் அதே பெயர்தான் சொல்லப்பட்டது. அந்த ஊர் அதற்கு மேல் எதையும் கேட்கக் காத்திருக்கவில்லை. காத்திருந்திருந்தால் காப்பாற்றப்பட்டிருக்கக்கூடியவள், மரத்தடியில் மண்டியிட்ட அந்தச் சிறுமிதான்.