பொட்டலத்தில் வராத பாட்டு

திருப்பதிப் பேருந்து திருத்தணிக்குள் நுழையும் முன் பொன்பாடி எல்லையில் நிறுத்தினால், போலீஸ்காரர்கள் ஏறி, மேலே இருக்கும் பைகளை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்ப்பார்கள். அவர்கள் தேடுவது கஞ்சா. விசாகப்பட்டினத்து மலைகளில் விளைவது இந்த வழியாகவும் சென்னைக்குப் போகிறது. 20 கிலோவுக்கு மேல் பிடிபட்டால் குறைந்தது 10 ஆண்டு சிறை.

அந்தப் பொட்டலங்களில் கொஞ்சம் கவிஞர்கள், ஓவியர்கள், உதவி இயக்குநர்களின் அறைகளுக்கும் போய்ச் சேருகிறது. ஏன் தம்பி என்று கேட்டால் பதில் தயாராக இருக்கும்: “பாரதியே அடிச்சவர்தானே சார்?”

ஆமாம். புதுச்சேரியில் அவருக்குக் கஞ்சாவும் அபினும் பழக்கமாயின. கூடப் பழகியவர்களே சொல்லியிருக்கிறார்கள், மூடி மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் அவை எப்படிப்பட்ட வருஷங்கள்? 1908இல் கைதுக்குத் தப்பிப் போனவர் அங்கே 10 வருஷம் அடைபட்டுக் கிடந்தார். தெருமுனையில் ஒற்றர்கள். ‘இந்தியா’ பத்திரிகை நின்றுபோயிற்று, கையில் காசில்லை. அந்த நெருக்கடிக்குள்தான் போதை வந்தது. அதே வருஷங்களில் அரவிந்தரோடு வேதம் படித்தார், கீதையை மொழிபெயர்த்தார். பாஞ்சாலி சபதத்தின் முதல் பாகம் 1912இல் வெளிவந்தது. அதைக் கஞ்சா எழுதியது என்பவர், வியாசரையும் நொண்டிச்சிந்தையும் அதே புகைதான் அவருக்குக் கற்றுக்கொடுத்தது என்றும் சொல்ல வேண்டியிருக்கும்.

போதை பிடுங்கிக்கொண்டதை யாரும் கணக்கெடுப்பதில்லை. திருவல்லிக்கேணி யானை தள்ளியதால் பாரதி இறந்தார் என்று சொல்பவர்கள் இன்றும் உண்டு. அடிபட்டவர் தேறி எழுந்து, மறுபடி சுதேசமித்திரன் பத்திரிகை வேலைக்குப் போனார். 1921 செப்டம்பரில் வந்த வயிற்றுக்கடுப்பைத்தான் தாங்க முடியவில்லை. வறுமையும் அபினும் சேர்ந்து அரித்திருந்த உடம்பு அது. வயது 38. எழுதாமல் போன கவிதைகளை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை.

வெள்ளைக்காரர்களிடமும் இப்படி ஒரு கதை உண்டு. அபின் மயக்கத்தில் கண்ட கனவிலேயே ‘குப்ளா கான்’ கவிதை முழுசாக வந்துவிட்டதாக ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜ் 1816இல் எழுதினார். அவர் கைப்பட எழுதிய பிரதி ஒன்று 1934இல் வெளிப்பட்டது. அச்சான கவிதைக்கும் அதற்கும் பல இடங்களில் சொற்கள் வேறு. உட்கார்ந்து திருத்தியிருக்கிறார் மனிதர்.

போதை கூச்சத்தை விலக்கும், வலியை மறக்கடிக்கும். அதை நான் மறுக்கவில்லை. கூடவே, தோன்றியதெல்லாம் அபாரம் என்றும் நம்பவைக்கும். அமெரிக்காவில் நடந்து 2022இல் வெளியான ஓர் ஆய்வு இதைத்தான் கண்டது: கஞ்சா எடுத்தவர்கள் தங்கள் யோசனைகளுக்குத் தாங்களே கூடுதல் மதிப்புக் கொடுத்துக்கொண்டார்கள். வெளியார் மதிப்பிட்டபோது, எடுக்காதவர்களின் யோசனைகளைவிட அவை ஒன்றும் உசத்தியாக இல்லை.

போதை இல்லாமல் பாட்டுப் பிறந்த கதை ஒன்று இந்தத் திருத்தணி மலைக்கு ஏறும் 365 படிகளோடு ஒட்டியே உண்டு. தரிசனத்துக்கு வந்த முத்துசுவாமி தீட்சிதரை ஒரு கிழவர் வாய் திறக்கச் சொல்லி, கற்கண்டைப் போட்டுவிட்டு மறைந்தார். முருகனே வந்தான் என்பது நம்பிக்கை. உடனே பிறந்தது ‘ஸ்ரீநாதாதி குருகுஹோ’. ஒரு துண்டு கற்கண்டில் எல்லாம் வந்துவிட்டதா? அந்த வாய்க்குள் அதற்கு முன்பே எவ்வளவு இருந்தது என்று பார்க்க வேண்டும். ஹம்ஸத்வனி ராகத்தை உண்டாக்கிய ராமஸ்வாமி தீட்சிதரின் மகன் அவர். மணலியில் இருந்த காலத்தில் வெள்ளைக்காரர்களின் பேண்டு இசை காதில் விழுந்திருக்கிறது. காசியில் சிதம்பரநாத யோகியிடம் வருஷக்கணக்கில் இருந்து, இந்துஸ்தானி இசையைக் கேட்டு, வீணையோடு திரும்பியவர்.

அந்த முதல் பாட்டின் ராகம் மாயாமாளவகௌளை. ஏழு வயதுப் பிள்ளை சரளி வரிசை பாடுகிற அதே ராகம். அதோடு சேர்ந்த குரு கீர்த்தனங்களைப் பாருங்கள்: முதல் வேற்றுமையில் ஒன்று, இரண்டாம் வேற்றுமையில் ஒன்று என்று எட்டு வேற்றுமைக்கும் எட்டு. பரவசமும் இலக்கணமும் ஒரே மூச்சில். தலை தெளிவாக இல்லாதவர் நான்காம் வேற்றுமையைக்கூடத் தாண்டியிருக்க மாட்டார்.

இங்கே கிடைத்த ‘குருகுஹ’ முத்திரையை அவர் கடைசிவரை விடவில்லை. 1835இல் எட்டயபுரத்தில் காலமானார். 47 வருஷம் கழித்துப் பாரதி பிறந்ததும் அதே ஊரில். அடுத்த வாரம் அங்கே போவோம்.

(தொடரும்)